நூல்முனை உள்ளேயே தங்குமா? நெல்லை டவுன் கடை நூலும் ஊசியும்: கைக் குயில்ட்டுக்கு ஒரு மதிப்பீடு

பழைய காட்டன் சேலை, பிளவுஸ் பிட், கிழிந்த சாரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கையால் குயில்ட், அதாவது மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் விரிப்பு, தைக்கிறவர்கள் நூல் வாங்கும்போது நிறம் பார்ப்பார்கள், இழுத்து அறுத்துப் பார்ப்பார்கள். முடிச்சுப் போட்டுப் பார்க்கிறவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் குயில்ட்டில் முதலில் விட்டுப்போகிற இடம் முடிச்சுதான். நூல் நடுவில் அறுவது அபூர்வம். முனை வெளியே எட்டிப் பார்ப்பதும், அதை யாராவது பிடித்து இழுப்பதும், ஒரு சாண் தையல் பிரிவதும்தான் வழக்கம்.

நெல்லை டவுன் ரதவீதிகளிலும் பாளையங்கோட்டையிலும் உள்ள தையல் சாமான் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் நூல், ஊசி, நடுவில் வைக்கும் ஷீட் ஆகியவற்றை அந்த ஒரே கண்ணோட்டத்தில் இங்கே பார்க்கிறோம்: முடிச்சு உள்ளே இறங்குகிறதா, இறங்கிய பிறகு அங்கேயே இருக்கிறதா. இணையத்தில் மட்டும் வாங்க முடிகிற ஓரிரு சரக்கையும் சேர்த்திருக்கிறோம். நிறம் போகிறதா, மெஷினில் ஓடுமா என்பதெல்லாம் இந்த மதிப்பீட்டில் இல்லை.

துவைகல்லை மறக்கக்கூடாது. குயில்ட் பற்றிய வெளிநாட்டு வழிமுறைகள் மெஷினில் மெதுவான சுற்றில் போட்டு, தரையில் விரித்துக் காயவைப்பதை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் பக்கம் கல்லில் நாலு அடி, பிறகு ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கிப் பிழிவது. முறுக்கும்போது மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி மூன்றும் மூன்று விதமாக நீளும். நடுவில் கிடக்கும் வால், அதாவது தையலுக்கு வெளியே மிஞ்சி உள்ளே ஓட்டிவிட்ட நூல்முனை, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து தான் நுழைந்த துளைக்கே திரும்பி வந்துவிடும். அந்த வழிமுறைகளில் அரை அங்குல வால் போதும் என்று எழுதியிருந்தால், இங்கே ஒரு அங்குலம், அதாவது 2.5 செ.மீ., விடுவதுதான் சரி.

நூலை எடைபோடுவதற்கு முன் முடிச்சு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நூல் 45 செ.மீ. நீளம் போதும். அதற்கு மேல் போனால் துணிக்குள் உரசி உரசிப் பிசிறு தட்டும். பிசிறு தட்டிய நூலில் கடைசி முடிச்சு ஒழுங்காக விழாது. நூலின் முனையை ஊசியின் மேல் வைத்து விரலால் அழுத்திக்கொண்டு, ஊசியில் இரண்டு அல்லது மூன்று சுற்று சுற்றி, சுற்றை விடாமல் பிடித்தபடி ஊசியை உருவினால் முனையில் ஒரு சின்ன உருண்டை விழும். முடிச்சுக்குப் பின்னால் அரை செ.மீ. வால் விட்டு மிச்சத்தை நறுக்கிவிடலாம். தையல் தொடங்கும் புள்ளிக்கு 2.5 செ.மீ. தள்ளி ஊசியை நுழைத்து, மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவிலேயே ஓட்டி, தொடங்கும் புள்ளியில் வெளியே எடுக்க வேண்டும். அடித்துணியில் ஊசி படக்கூடாது. நூலை இழுத்தால் உருண்டை மேல்துணியில் வந்து முட்டி நிற்கும். அப்போது ஊசி போன திசையிலேயே, துணியோடு படுக்கையாக, ஒரு சின்ன வெட்டு வெட்டிச் சுண்டினால் ‘டப்’ என்று உள்ளே இறங்கிவிடும். முடிச்சு நுழைந்த துளையை நகத்தால் இரண்டு முறை சுரண்டிவிட்டால் பாவும் ஊடும் பழையபடி சேர்ந்துகொள்ளும்.

நிறையப் பேர் நூலை நேர் மேலே இழுக்கிறார்கள். அப்படி இழுத்தால் முடிச்சு உள்ளே நிற்காது. இறங்கிய வேகத்தில் அடுத்த துளை வழியாக வெளியே வந்துவிடும். பிறகு நூலைக் குறை சொல்வார்கள்.

முடிக்கும்போது ஊசியில் 15 செ.மீ. நூல் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். நூல் துணியை விட்டு வெளிவரும் இடத்தில் ஊசியைப் படுக்கவைத்து இரண்டு சுற்று. அந்தச் சுற்றை நகத்தால் துணிப் பக்கம் தள்ளிக்கொண்டே இறுக்கினால், துணியிலிருந்து 3 மி.மீ. தள்ளி, அதாவது ஒரு தையல் அளவு தள்ளி, முடிச்சு விழும். இந்த 3 மி.மீ.தான் முக்கியம். துணியை ஒட்டியே முடிச்சு விழுந்தால் உள்ளே இறங்க இடம் இருக்காது, ஒரு செ.மீ. தள்ளி விழுந்தால் கடைசித் தையல் தொளதொளவென்று நிற்கும். அடுத்த தையல் எங்கே இறங்க வேண்டுமோ அதே இடத்தில் ஊசியை இறக்கி, நடு அடுக்கிலேயே 2.5 முதல் 3 செ.மீ. ஓட்டி வெளியே எடுத்துச் சுண்ட வேண்டும். கடைசியாக நூலை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு துணியை ஒட்டி நறுக்கினால் முனை தானாக உள்ளே போய்விடும். நறுக்குவதற்குக் கூர்முனைக் கத்தரி வேண்டும். பெரிய தையல் கத்தரியால் நறுக்கினால் என்றைக்காவது மேல்துணியும் சேர்ந்து வெட்டுப்படும்.

நூல் வகைகள்

கடையில் போய் “அண்ணாச்சி, காட்டன் நூல் தாங்க” என்றால், பெரும்பாலும் மேஜை மேல் வருவது தையல்காரர்கள் வாங்கும் பாலியஸ்டர் நூல்தான். காட்டன் துணி தைக்கிற நூலைத்தான் கேட்கிறோம் என்று அவர்களாகவே எடுத்துக்கொள்கிறார்கள். சுற்றின் தலையில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்க வேண்டும். கம்பெனிப் பெயர் மட்டும் போதாது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் தண்ணீர் விசையை நம்பித் தொடங்கிய நூற்பாலையிலிருந்து வளர்ந்து, 1974-இல் மதுரா கோட்ஸ் ஆன அந்தப் பெயர் நம் சீமையில் எல்லார் வாயிலும் இருக்கிறது. ஆனால் கோட்ஸ் பெயரில் பருத்தி நூலும் வருகிறது, பாலியஸ்டரும் வருகிறது. சீட்டு இல்லாத சுற்றாக இருந்தால் ஒரு விரற்கடை நூலைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, முனையில் கெட்டியான மணி நிற்கும்.

அந்தப் பாலியஸ்டர் நூல் மோசம் என்று சொல்லிவிட முடியாது. அறுவது கிடையாது, எல்லா நிறமும் கிடைக்கும், விலையும் கையைக் கடிக்காது. குறை அதன் நிமிர்ப்பில் இருக்கிறது. மடித்தால் மடிந்து கிடக்காது, எழும்பும். இரண்டு சுற்றுச் சுற்றிப் போட்ட முடிச்சு இரண்டு சலவையில் தளர்ந்துவிடுகிறது. மூன்று சுற்று கட்டாயம். துணியை ஒட்டி நறுக்கிய முனையும் நிமிர்ந்து நிமிர்ந்து வெளியே வரப் பார்க்கும், ஆகவே வால் 3 செ.மீ.க்குக் குறையக்கூடாது. இன்னொன்று, பல வருடம் உடுத்தி நைந்த சேலையைவிட இந்த நூல் வலுவானது. முடிச்சைச் சுண்டும்போது துணி இழைதான் அறும். புதுப் பாப்ளினுக்கு இது சரி. பழைய சேலைக்கு எங்கள் வாக்கு கிடையாது.

மூன்று புரி பருத்தித் தையல் நூல் கிடைத்தால் அதை வாங்குங்கள். எல்லாக் கடையிலும் இருக்காது. இருக்கும் இடத்திலும் வெள்ளை, கறுப்பு தவிர நாலைந்து நிறம்தான். அப்படியே தைத்தால் பிசிறு வரும், முறுக்கிக்கொள்ளும். மெழுகு தடவினால் குணம் மாறிவிடும்: முடிச்சு சின்னதாக, இறுக்கமாக விழும், உள்ளே போனால் நடு அடுக்கின் இழைகளைப் பிடித்துக்கொள்ளும், நறுக்கிய முனை படுத்துக் கிடக்கும். உள்ளூர்ச் சரக்கில் முதல் இடம் இதற்குத்தான்.

எம்பிராய்டரி நூல் சிட்டம், ஆங்கர் மாதிரி 8 மீட்டர், ஆறு இழை, எல்லா ஃபேன்ஸி கடையிலும் நூற்றுக்கணக்கான நிறத்தில் தொங்குகிறது. நிறத்துக்கு ஆசைப்பட்டுத்தான் எல்லாரும் இதில் விழுகிறார்கள். ஆறையும் சேர்த்துக் குயில்ட் தைக்க முடியாது. இரண்டு இழை பிரித்து எடுக்க வேண்டும். முறுக்கு குறைவான நூல் என்பதால் முடிச்சு மெத்தென்று பெரிதாக விழும். நெருக்கமாக நெய்த துணியில் சுண்டினால் ஒரு இழை உள்ளே போகும், மற்றது வெளியே வளையமாக நிற்கும். இந்த நூலில் முடிச்சையே தவிர்ப்பது நல்லது. அதற்கான வழியைக் கீழே சொல்லியிருக்கிறோம்.

பெர்ல் காட்டன் 8-ஆம் நம்பர், 10 கிராம் உருண்டையாக வருவது, பெரிய தையல் போடுகிறவர்களுக்கு. ஒரு தையல் 5, 6 மி.மீ. வருகிற வேலைக்கு அழகாக எழும்பி நிற்கும். கைத்தறித் துணி, நைந்த சேலை போன்ற இளகிய நெசவில் இரண்டு சுற்று முடிச்சு இறங்கிவிடும். பாப்ளினில் இறங்கவே இறங்காது. வலுக்கட்டாயமாக இறக்கினால் விழுந்த ஓட்டை சலவைக்குப் பிறகும் தெரியும். 12-ஆம் நம்பர் மெல்லியது, இதைவிட எளிது, ஆனால் இங்கே கடையில் கேட்டுக் கிடைப்பது அதிர்ஷ்டம்.

கைக் குயில்ட்டுக்கென்றே மேலே பளபளப்புப் பூச்சுப் பூசி வரும் பருத்தி நூலை, உதாரணத்துக்கு குட்டர்மன் 200 மீட்டர் சுற்றை, இணையத்தில்தான் வாங்க வேண்டும். மெழுகு தேவையில்லை. இரண்டு சுற்று முடிச்சு மணி மாதிரி விழும், ஒரே சுண்டலில் இறங்கும். நூல் கொஞ்சம் விறைப்பு என்பதால் சிக்கலும் குறைவு. தபால் செலவு சேர்ந்தால் உள்ளூர் நூலைப்போலப் பல மடங்கு விலை. கல்யாணத்துக்குக் கொடுக்கிற குயில்ட்டுக்கு வாங்கலாம், வீட்டுக் கட்டிலுக்கு அவசியம் இல்லை. இதைத் தையல் மெஷினில் மாட்டக்கூடாது. அந்தப் பூச்சு உதிர்ந்து, நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டில் ஒட்டிக்கொள்ளும்.

கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லி சேலை ஃபால்ஸ் தைக்கிறவர்கள் கொடுக்கும் தங்கூசி (நைலான்) நூல் பக்கம் போகவேண்டாம். முடிச்சு வழுக்கிப் பிரியும், நறுக்கிய முனை முள்ளாகக் குத்தும். குழந்தை படுக்கிற விரிப்பில் அது பெரிய தொல்லை.

மெழுகு பற்றி ஒரு வார்த்தை. தையல் கடையில் பெட்டியில் வரும் மெழுகைவிட நாட்டு மருந்துக் கடைத் தேன்மெழுகு நன்றாகவே இருக்கிறது, விலையும் மலிவு. கட்டியின் மேல் நூலை விரலால் அழுத்தி இரண்டு முறை இழுத்து, இரண்டு காகிதத்துக்கு நடுவில் வைத்து இஸ்திரிப் பெட்டியை ஒரு தடவை ஓட்டினால் மெழுகு நூலுக்குள் இறங்கிவிடும். இஸ்திரி போடாமல் தைத்தால் வெளிர் துணியில் துளையைச் சுற்றி அழுக்கு வளையம் தெரியும். கரண்ட் போனால் ஏற்றுகிற மெழுகுவத்தி இதற்கு ஆகாது; துகள் துகளாக உதிரும்.

துணியும் நடு அடுக்கும்

ஒரே நூல், ஒரே முடிச்சு, ஒரு துணியில் இறங்கும், இன்னொன்றில் முரண்டு பிடிக்கும். பாவும் ஊடும் விலகிக் கொடுக்கிற இடைவெளிதான் காரணம். நெருக்கமாக நெய்த பாப்ளின், முறுக்கேறிய நூலில் நெய்த டூ பை டூ, அதிக நூல் எண்ணிக்கை உள்ள பெட்ஷீட் துணி ஆகியவற்றுக்குப் பருத்தி நூலில் இரண்டு சுற்றுக்கு மேல் போகாதீர்கள். மல், நைந்த சேலை இவற்றில் மெல்லிய நூலின் இரண்டு சுற்று முடிச்சு போகிற வேகத்திலேயே திரும்பியும் வந்துவிடும். மூன்று சுற்று வேண்டும். ஒரே குயில்ட்டில் இரண்டு துணியும் கலந்திருந்தால் முடிச்சை எப்போதும் இளகிய துணிப் பக்கம் நுழைத்து, தையலை நெருக்கத் துணியில் தொடங்கலாம்.

மேல்துணி வெள்ளை, நூல் கருநீலம் என்றால் வால் நிழலாகத் தெரியும். பகலில் ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தால் ஒவ்வொரு முனையும் கோடு கோடாக நிற்கும். இரண்டு துண்டுகள் இணையும் இடத்தில் உள்ளே மடிந்திருக்கும் துணிக்குக் கீழே வாலை ஓட்டினால் மறைந்துவிடும். அல்லது பக்கத்துக் கறுப்புக் கட்டத்துக்குள் கொண்டுபோய் விடலாம். இதற்காக 4 செ.மீ. ஓட்ட வேண்டி வந்தாலும் ஓட்டத்தான் வேண்டும்.

நடுவில் வைக்கும் பொருளில்தான் நம் ஊர்க் கடைகள் கைவிடுகின்றன. பருத்தி வாடிங் ஷீட் கேட்டால் கிடைப்பது பாலியஸ்டர் ஃபைபர் ஷீட், குஷன் கடை சரக்கு. அதில் 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம் எடை) பரவாயில்லை. 200 ஜிஎஸ்எம் தடித்த ஷீட்டில் முடிச்சு பிடிப்பில்லாமல் மிதக்கும். இழுக்கிற நூலோடு அதன் நரம்புகளும் துளை வழியே வெளியே வந்து மேல்துணியில் தாடி முளைத்ததுபோல் நிற்கும். இதில் வெறும் முடிச்சை நம்பாமல், முடிச்சு இறங்கியதும் முதல் தையலில் ஒரு பின்தையல், அதாவது ஊசியைப் பின்னால் கொண்டுபோய்ப் போடும் தையல், சேர்த்துக்கொள்ள வேண்டும். இலவம்பஞ்சு இந்த வேலைக்கே சரிவராது. தலையணைக்கு அருமையான பஞ்சுதான். ஆனால் இழை குட்டை, வழவழப்பு, முறுக்கே இல்லை. முடிச்சைப் பிடிக்க அதில் ஒன்றும் கிடையாது.

நம் வெயிலுக்குப் பெரும்பாலானவர்கள் நடுவில் பழைய வேட்டியையோ ஃபிளானல் துணியையோ வைக்கிறார்கள். சரியான முடிவு. ஆனால் பஞ்சு இல்லாததால் முடிச்சு அமுங்க இடம் இல்லை. மூன்று சுற்று முடிச்சு மேலே அரிசிக் குறுநொய் மாதிரி கைக்குத் தட்டுப்படும். இங்கே முடிச்சில்லாத முறைதான் நல்லது. 90 செ.மீ. நூல் எடுத்து, முடிச்சுப் போடாமல் கோட்டின் நடுவிலிருந்து தொடங்குங்கள். பாதி நூலைத் தொங்கவிட்டு ஒரு பக்கம் தைத்து முடித்து, ஊசியை மறு முனையில் கோர்த்து எதிர்ப் பக்கம் தைக்கலாம். ஆரம்ப முடிச்சு என்ற ஒன்றே வராது. முடிவில் இரண்டு சின்னப் பின்தையல். இரண்டாவதில் ஊசி முதல் தையலின் நூலை அறுக்காமல் அதன் புரிகளுக்கு நடுவே புகுந்து போக வேண்டும். பிறகு வாலை 3 செ.மீ. நடு அடுக்கில் ஓட்டி நறுக்கிவிடலாம். மெத்தென்ற எம்பிராய்டரி நூலுக்கும் இதே முறைதான்.

ஊசி

கடையில் கிடைக்கும் கலந்த கை ஊசிப் பாக்கெட் நீள ஊசிகள் நிரம்பியது. குயில்ட்டுக்கு பிட்வீன்ஸ் என்ற குட்டை ஊசி வேண்டும். போனி கம்பெனிப் பாக்கெட்டில் பெயரும் நம்பரும் போட்டிருக்கும். நம்பர் கூடக்கூட ஊசி சின்னது: 8, 9 புதியவர்களுக்கு, 10 பழகிய கைக்கு. 12-இல் காது கோர்ப்பதற்குள் கண் வலிக்கும். துளையின் அளவு ஊசியைப் பொறுத்தது என்பதால், ரொம்ப மெல்லிய ஊசியில் பருத்த நூலைக் கோர்த்தால் முடிச்சு இறங்கும் வழியே சின்னதாகிவிடும். முடிச்சு இறங்க அடம்பிடித்தால் நூலை மாற்றுவதற்கு முன் ஊசியை ஒரு நம்பர் பெரிதாக்கிப் பாருங்கள்.

காதில் மேலே பிளவு வைத்து, நூலை அழுத்தினாலே உள்ளே போய்விடும் ஊசி இப்போது பல கடைகளில் இருக்கிறது. வயதானவர்களுக்கு என்று விற்கிறார்கள். தைப்பதற்கு இது வேண்டாம். பிளவின் விளிம்பு நூலைக் கடித்துக் கடித்துப் பிசிறாக்கும், கொஞ்சம் பலமாக இழுத்தால் நூல் பிளவு வழியே நழுவும். ஆனால் நறுக்கிவிட்ட குட்டை வாலை உள்ளே அனுப்ப இதைவிட நல்ல கருவி இல்லை. அந்த ஒரு வேலைக்காகவே ஒரு பாக்கெட் வாங்கி வைக்கலாம்.

நனைந்த கையோடு ஊசியைத் துணியில் குத்தி விட்டுப் போகாதீர்கள். சித்திரை வெயிலில் வியர்வை பட்ட ஊசி துருவேறினால், துணியில் விழுகிற கறை எந்தச் சோப்புக்கும் போகாது.

மொத்தத்தில், மூன்று புரி பருத்தி நூல், தேன்மெழுகு, 9-ஆம் நம்பர் பிட்வீன்ஸ், பிளவுக் காது ஊசி ஒரு பாக்கெட். டவுனில் ஒரே நடையில் எல்லாம் வாங்கிவிடலாம், பருத்தி நூலுக்கு மட்டும் இரண்டு கடை ஏறி இறங்க வேண்டியிருக்கும். நடுத்துணிக்குக் கடைச் சரக்கை நம்பாமல் வீட்டு வேட்டியே போதும்.

ஏற்கெனவே தைத்த குயில்ட்டில் முனை வெளியே வந்திருந்தால் கத்தரியை எடுக்காதீர்கள். நறுக்கினால் வால் இன்னும் குட்டையாகி அடுத்த சலவையில் முடிச்சே கழன்றுவிடும். வால் 2 செ.மீ.தான் இருக்கிறது, ஊசியில் கோர்த்தால் தைக்க நீளம் போதாது என்றால், நூல் கோர்க்காத ஊசியை முதலில் துணிக்குள் நுழையுங்கள். வால் வெளிவந்த அதே துளையில் இறக்கி, நடு அடுக்கில் 2.5 செ.மீ. ஓட்டி, கூர்முனை மேல்துணி வழியாகவே வெளியே வந்து, காது மட்டும் துளை வாசலில் நிற்கும்படி நிறுத்துங்கள். இப்போது வாலைக் காதில் கோர்த்து, பிளவுக் காதாக இருந்தால் மேலே வைத்து அழுத்தி, ஊசியை முன்பக்கம் உருவினால் வால் உள்ளே போய்விடும். துளை பெரிதாகியிருந்தால் நகத்தால் சுரண்டிவிட்டு, அதன் மேல் புது நூலில் ஒரு பின்தையல் போட்டுவிடுங்கள்.